குழந்தைக்குக் காரமில்லாத கத்தரிக்காய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் மதியச் சாப்பாடு சமைப்பது என் வேலை. ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை இருபது சொச்சம் பிள்ளைகள். புதன்கிழமை என்றால் கத்தரிக்காய் கடைசல். அன்று சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களில் யாராவது ஒருவர் சமையலறை வாசலில் நின்றுவிடுவார். ஆள் மாறும், கேள்வி மாறாது. அதனால் கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதி வைத்துவிட்டேன். நான் சமையல்காரிதான், டாக்டர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய இடத்தில் போங்கள் என்றே எழுதியிருக்கிறேன்.

"அக்கா, இத்தனை சின்னப் பிள்ளைக்குக் கத்தரிக்காய் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். ஆறு மாதம் முடிந்து திட உணவு ஆரம்பித்த பிள்ளைக்கே, வேகவைத்து நன்றாக மசித்துக் கொடுக்கலாம். ஒரு வயது ஆகும்வரை உப்பு வேண்டாம், அவ்வளவுதான். இங்கே நான் சொல்லும் அளவெல்லாம் ஒரு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு.

ஆனால் கத்தரிக்காயில் பெரிய சத்துப் புதையல் ஏதும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமில் சுமார் 25 கலோரி, 3 கிராம் நார்ச்சத்து. இதை மட்டும் ஊட்டினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. அதனால்தான் பருப்பும் நெய்யும் கூடவே வருகின்றன. கத்தரிக்காயின் கெட்டிக்காரத்தனம் வேறு: மெத்தென்று வேகும், எதோடு சேர்த்தாலும் அதன் ருசியை இழுத்துக்கொள்ளும். பல் முழுதாக முளைக்காத பிள்ளைக்கு வீட்டுக் குழம்பின் மணத்தை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல காய் எனக்குத் தெரிந்து இல்லை.

"கடைசல் எப்படிப் பண்றீங்க? அளவோட சொல்லுங்க."

ஒரு பிள்ளையும் கூட ஒரு பெரியவரும் சாப்பிடும் அளவு இது. நாட்டுக் கத்தரிக்காய் நாலு, பாசிப்பருப்பு கால் டம்ளர், சின்ன வெங்காயம் ஐந்தாறு, நடுத்தரத் தக்காளி ஒன்று, பூண்டு இரண்டு பல், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. தாளிக்க ஒரு டீஸ்பூன் நெய், அரை டீஸ்பூன் சீரகம், கால் டீஸ்பூன் தனியாத்தூள், நாலைந்து கறிவேப்பிலை. பாசிப்பருப்பை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்துக் கழுவிக்கொள்ளுங்கள். சிவக்க விட வேண்டாம். காயின் தோலைச் சீவி நாலாக வகுந்து, பருப்பு, வெங்காயம், தக்காளி, பூண்டு, மஞ்சளோடு குக்கரில் போட்டு ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு மூன்று விசில்.

ஆவி தானாக அடங்கியபின் திறந்து, மேலே நிற்கும் தண்ணீரைத் தனியே ஒரு கிண்ணத்தில் வடித்துவிடுங்கள். தண்ணீரோடு கடைந்தால் பருப்பு ஒரு பக்கமும் காய் ஒரு பக்கமும் ஓடும், மத்து சும்மா சுற்றும். வடித்தபின் மண்சட்டியிலோ அடி கனமான பாத்திரத்திலோ போட்டு மத்தால் கடையுங்கள். இருபது முப்பது சுற்று போதும். ஒன்றரை வயதுக்குக் கீழ் என்றால் இன்னும் கொஞ்சம் கடையலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் காய் அங்கங்கே நாக்கில் தட்டுப்படுவதுதான் நல்லது. வடித்த தண்ணீரைத் திரும்ப விட்டு, பிசைந்தால் கையில் ஒட்டாமல் நழுவும் பதத்துக்குத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கடைசியில் நெய்யில் சீரகம் பொரியவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டுத் தனியாத்தூளும் கறிவேப்பிலையும் போட்டுக் கடைசலில் கொட்டுங்கள். தனியாத்தூள் அடுப்பு எரியும்போது விழுந்தால் இரண்டே நொடியில் கருகிக் கசக்கும். குழைந்த சாதம் இரண்டு பங்கு, கடைசல் ஒரு பங்கு. மிக்ஸியில் அடிக்கலாமா என்று கேட்காத ஆள் இல்லை. அடிக்காதீர்கள். பசை மாதிரி ஆகிவிடும், விதையும் அரைபட்டுக் கசப்பு இறங்கும்.

"மிளகாயே போடலையா? அப்புறம் எப்படி ருசிக்கும்?"

நாம் மசாலா என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் இரண்டு சங்கதி இருக்கிறது: ஒன்று மணம், இன்னொன்று காரம். சீரகம், தனியா, மஞ்சள், கறிவேப்பிலை, பூண்டு, பெருங்காயம் எல்லாம் மணம். மிளகாய் காரம். மிளகு இரண்டிலும் ஒரு கால் வைத்திருக்கிறது. பிள்ளைக்கு வேண்டாதது காரம் மட்டும்தான். பலர் பயந்துபோய் இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டு, வெறும் வேகவைத்த காயை ஊட்டிப் பார்த்து, "சாப்பிடவே மாட்டேங்கிறா" என்கிறார்கள். அதை நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்களேன்.

ஒன்றரை வயதுக்கு மேல் இரண்டு மிளகை நுணுக்கித் தாளிப்பில் சேர்ப்பேன். முழு மிளகு கூடாது. கடிபட்டால் அன்றைக்குச் சாப்பாடு அத்தோடு முடிந்தது.

"இப்பவே கொஞ்சம் கொஞ்சமா காரம் பழக்கணும்னு மாமனார் சொல்றாரு. பழக்கலாமா?"

பழகும், அவசரமில்லை. மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் உண்மையில் ஒரு சுவையே இல்லை. சூட்டையும் வலியையும் உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுகிறது. பெரியவர்கள் அதை ரசிக்கக் கற்றுக்கொண்டோம். பிள்ளைக்கு அது எரிச்சல் மட்டுமே, அந்த எரிச்சல் காயின் பேரில் பதிந்துபோகும். இரண்டு, இரண்டரை வயதில் வீட்டுச் சாம்பாரைப் பருப்போடு கலந்து கொடுத்தாலே போதும். மாமனாரிடமும் அதையே சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

தவறிக் காரம் பட்டுவிட்டால் தண்ணீர் கொடுக்காதீர்கள். காப்சைசின் தண்ணீரில் கரையாது, வாய் முழுக்கப் பரவும். தயிரோ பாலோ கொடுங்கள். பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் எரிச்சலைத் தணிக்கும். மிளகாய் நறுக்கிய கையால் பிள்ளையின் முகத்தைத் துடைக்கவே கூடாது. இது நானே ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது.

"உப்பு எவ்வளவு?"

ஒரு வயது முதல் மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை. ஒரு டீஸ்பூனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இட்லி, தோசை, பிஸ்கட், பிரெட் எல்லாவற்றிலும் இருப்பதைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதனால் மேலே சொன்ன கடைசல் முழுவதற்கும் சேர்த்து நான் போடுவது இரண்டு சிட்டிகை, அதுவும் கடைந்தபின். உங்கள் நாக்கில் வைத்தால் உப்புக் குறைவாகத்தான் தெரியும். அப்படித் தெரிந்தால் சரி.

வெல்லம் போட்டால் சாப்பிடுவானா என்று கேட்கிறார்கள். சாப்பிடுவான். அடுத்த நாள் வெல்லம் இல்லாமல் தொடமாட்டான். இரண்டு வயதுவரை இனிப்புச் சேர்ப்பதையே தவிர்க்கச் சொல்கிறார்கள்.

"எந்தக் கத்தரிக்காய் வாங்கணும்? கடையில அஞ்சாறு தினுசு இருக்கே."

கடைசலுக்குப் பிஞ்சான நாட்டுக் கத்தரி, ஊதாவோ பச்சையோ வரியோ எதுவானாலும் சரி. சுட்டு மசிக்கப் பெரிய குண்டுக் கத்தரி. வேலூர்ப் பக்கத்து முள்ளுக் கத்தரி கிடைத்தால் விடாதீர்கள். இலவம்பாடியில் விளைவது, 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல சதைப்பற்று, ஆனால் காம்பிலும் புல்லியிலும் (காயின் தலையில் இருக்கும் பச்சைத் தொப்பி) நிஜமாகவே முள் இருக்கும். பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வைத்து நறுக்குங்கள்.

நிறத்தைவிட வயதுதான் முக்கியம். கையில் எடுத்தால் உருவத்துக்குக் கனமாக இருக்க வேண்டும், தோல் மினுங்க வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் குழி மெல்ல மீள வேண்டும். மங்கிப்போய் மஞ்சள் பாய்ந்த காய் முற்றல்: விதை கடினம், கசப்பு. இரண்டு நாளைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். கத்தரிக்காய்க்குக் குளிர் ஆகாது. பிரிட்ஜில் பல நாள் கிடந்தால் மேலே பளபளவென்று இருந்தாலும் உள்ளே விதை பழுப்பு நிறமாகிவிடும்.

"தோலைச் சீவணுமா? சத்து எல்லாம் தோல்லதானே இருக்கு?"

ஊதாத் தோலில் நாசுனின் என்ற நிறமி இருக்கிறது, நல்லதுதான். ஆனால் வெந்த தோல் சதையிலிருந்து கழன்று, ஈரக் காகிதம் மாதிரி மேலண்ணத்திலோ தொண்டையிலோ ஒட்டிக்கொள்ளும். பிள்ளைக்கு அதைத் துப்பவும் தெரியாது, மெல்லவும் தெரியாது. இரண்டரை வயதுவரை சீவிவிடுங்கள். நாசுனினை அப்புறம் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடலாம்.

பிஞ்சு விதையை எடுக்கத் தேவையில்லை. மறுநாள் டயபரில் விதை அப்படியே வந்திருக்கும், போன் செய்து கேட்காதீர்கள். அது செரிமானக் கோளாறு இல்லை.

"நறுக்கினதும் கறுத்துடுதே, கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் காயில் இருக்கும் குளோரோஜெனிக் அமிலம் போன்றவை நொதியோடு சேர்ந்து பழுப்பாகின்றன, ஆப்பிள் மாதிரியே. நறுக்க நறுக்கத் தண்ணீரில் போடுங்கள். இரும்பு வாணலியில் சமைத்தால் கடைசலே சாம்பல் நிறமாகிவிடும். காயின் சத்தும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை. விஷமில்லை, பார்த்தால் பிள்ளைக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

"புழு பயமா இருக்கு. மருந்தும் நிறைய அடிக்கிறாங்களாமே?"

இரண்டும் ஒரே கதை. கத்தரியைத் தாக்கும் தண்டு, காய்த் துளைப்பான் புழு காய்க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே அடிக்கும் மருந்து அதைத் தொடாது. அதனால் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். வாங்கும்போது காம்போரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைக்குச் சமைக்கும் காயை நாலாக வகுந்து, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் குக்கரில் போட வேண்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கீறுவதுபோல் பாதி கீறிப் பார்த்தால் போதாது.

ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், காம்பையும் புல்லியையும் வெட்டி எறியுங்கள், தோலைச் சீவுங்கள். காயின் மேலே இருப்பது பெரும்பாலும் இதிலேயே போய்விடும். சோப்பு, காய் கழுவும் திரவம் எதுவும் வேண்டாம்.

"கத்தரிக்காய் கரப்பான்னு பாட்டி கொடுக்க விடமாட்டேங்கிறாங்க."

இதுதான் நான் அதிகம் கேட்கும் கேள்வி. கத்தரிக்காய் கரப்பான் பண்டம், தோலில் அரிப்பைக் கிளப்பும் என்பது நம் பக்கத்தில் பழைய நம்பிக்கை. நாட்டு மருந்து சாப்பிடும்போது பத்தியத்தில் முதலில் நிறுத்தும் காய்களில் இதுவும் ஒன்று. பாட்டி சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் தள்ளமாட்டேன். கத்தரிக்காய் சாப்பிட்டால் நாக்கு நமநமக்கிறது, உதட்டோரம் அரிக்கிறது என்று சொல்லும் பெரியவர்களே உண்டு. ஒவ்வாமையும் சிலருக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சிலருக்கு ஆகாததை எல்லாப் பிள்ளைக்கும் ஆகாததாக்குவது சரியில்லை.

முதல்முறை கொடுக்கும்போது பகல் வேளையில், ஏற்கெனவே பழகிய பருப்புச் சாதத்தோடு ஒரு டீஸ்பூன் மட்டும் கொடுங்கள். அன்று வேறு புது உணவு எதுவும் வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று நாள் பாருங்கள். உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ கண்ணோ வீக்கம், தொடர் வாந்தி, மூச்சு இரைப்பு என்று ஏதாவது வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. பிள்ளைக்கு ஏற்கெனவே தோலில் கரப்பானோ, வேறு உணவில் ஒவ்வாமையோ இருந்தால் ஆரம்பிப்பதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பாட்டிக்கும் அது சமாதானம்.

"வாயைச் சுத்தி மட்டும் சிவக்குது. அதுவும் ஒவ்வாமையா?"

பல நேரம் தக்காளி அல்லது புளியின் வேலையாக இருக்கும். முகமெல்லாம் பூசிக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்குப் புளிப்புப் பட்ட இடம் சிவந்து, துடைத்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அடுத்தமுறை தக்காளி இல்லாமல் செய்து பாருங்கள். அப்போதும் சிவந்தாலோ, முந்தைய பதிலில் சொன்ன அறிகுறி எதுவும் கூடவே வந்தாலோ, நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

"தனியா சமைக்க நேரமில்லை. வீட்டுக் குழம்பிலேயே எடுத்து வைக்கலாமா?"

எடுத்து வைப்பதுதான் சிறந்த வழி. நான் வீட்டில் அப்படித்தான். எந்த இடத்தில் எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். சாம்பார் என்றால் பருப்பும் காயும் வெந்து, புளியும் பொடியும் விழுவதற்கு முன் இரண்டு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். கடைசல் என்றால் எல்லாருக்கும் பச்சைமிளகாய் போடாமல் கடைந்து, பிள்ளையின் பங்கை எடுத்தபின் பெரியவர்களுக்குக் காய்ந்த மிளகாய் கிள்ளித் தாளித்துக்கொள்ளலாம். கொத்சுவுக்கும் இதே கணக்கு: காய் வெந்து மசிந்ததும் எடுத்துவிட வேண்டும், கொத்சுப் பொடி அதன்பின். எடுத்ததன்மேல் நெய்யில் சீரகம் பொரித்துக் கொட்ட மறக்காதீர்கள். அதுதான் மணம்.

எண்ணெய்க் கத்தரிக்காய், காரக் குழம்பு இரண்டிலும் இந்த வித்தை பலிக்காது. மசாலா வைக்காத காயைத் தனியாகப் போட்டாலும் காரத்தை உறிஞ்சிவிடும். கழுவிக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். காரம் சதைக்குள் போய்விட்டபின் மேலே கழுவி என்ன பயன்? அன்றைக்குச் சாதம் வைக்கும் குக்கரில், அரிசிப் பாத்திரத்தின் மேல் ஒரு சின்னக் கிண்ணத்தில் சீவிய காய் ஒன்றை வைத்துவிடுங்கள். சாதத்தோடு அதுவும் வெந்துவிடும்.

"வதக்கினா எண்ணெய் எல்லாத்தையும் குடிச்சிடுதே?"

பச்சைக் கத்தரிக்காய் ஒரு பஞ்சு. உள்ளே காற்றறைகள். அதில் எண்ணெய் புகுந்துகொள்ளும். முதலில் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்தால் அந்த அறைகள் அமுங்கிவிடும். அப்புறம் அரை ஸ்பூன் எண்ணெயில் வதங்கும். கையில் பிடித்துச் சாப்பிடும் பிள்ளைக்கு விரல் நீளத் துண்டாக இப்படிச் செய்து கொடுக்கலாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் இன்னும் வேகட்டும்.

"தாளிப்புல உளுந்து, கடலைப்பருப்பு, நிலக்கடலை போடலாமா?"

வேண்டாம். வறுபட்ட கடலைப்பருப்பு கல் மாதிரி, மென்மையான கடைசலுக்குள் ஒளிந்திருந்தால் பிள்ளை எதிர்பார்க்காமல் விழுங்கும். முழு நிலக்கடலையை ஐந்து வயதுக்குள் கொடுக்கவே கூடாது, புரையேறும் ஆபத்து. பொடித்துப் போடலாம். கறிவேப்பிலையும் மேலண்ணத்தில் ஒட்டும். ஊட்டும்போது எடுத்துவிடுங்கள்.

"மஞ்சள்தூள், பெருங்காயம் கடையில வாங்குறதைப் போடலாமா?"

மஞ்சளில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த சாயத்தைக் கலக்கும் மோசடி நம் நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் பிடிபட்டிருக்கிறது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் சில்லறையாக விற்கும் தூளை விட்டுவிட்டு, விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அக்மார்க் முத்திரை உள்ளது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் பொட்டலத்தைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

"மிச்சத்தை எடுத்து வைக்கலாமா?"

பிள்ளையின் ஸ்பூன் பட்ட கிண்ணத்தில் மிஞ்சியது குப்பைக்கு. தொடாமல் தனியாக எடுத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். ஒருமுறைதான் சூடாக்க வேண்டும்.

"கத்தரிக்காய்ல நிக்கோட்டின் இருக்காமே? வாட்ஸ்அப்ல வந்துச்சு."

இருக்கிறது. கத்தரியும் புகையிலையும் ஒரே குடும்பம், தக்காளியும் உருளைக்கிழங்கும்கூட அதே குடும்பம்தான். அளவைச் சொல்லாமல் விட்டதுதான் அந்தச் செய்தியின் சாமர்த்தியம். ஒரு சிகரெட்டால் உடம்பில் சேரும் நிக்கோட்டினுக்குச் சுமார் 10 கிலோ கத்தரிக்காய் சாப்பிட வேண்டும். உங்கள் பிள்ளை இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாலே நாம் கை தட்டுகிறோம்.

"மார்க்கெட்ல வர்றது பி.டி. கத்தரிக்காயா?"

பி.டி. கத்தரி என்பது புழுவைத் தாங்கும்படி மரபணு மாற்றியது. இந்தியாவில் அதை வணிக ரீதியில் பயிரிடுவதை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வங்கதேசத்தில்தான் 2013இல் அனுமதி கொடுத்தார்கள். காய் பளபளப்பாகவும் பெரிதாகவும் இருப்பதற்குப் பெரும்பாலும் கலப்பின விதைதான் காரணம்.

"வழவழன்னு இருக்குன்னு துப்புறான். வேற எப்படிக் கொடுக்கிறது?"

அவனுக்குப் பிடிக்காதது ருசியா, தொடுவுணர்வா என்று முதலில் பாருங்கள். வாயில் வைத்த உடனே துப்பினால் பெரும்பாலும் தொடுவுணர்வு. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சுட்ட கத்தரிக்காயை மசித்துத் தோசை மாவில் ஒரு கரண்டி கலந்து சின்னச் சின்னதாக வார்த்துக் கொடுக்கலாம். கெட்டித் தயிரில் கலந்த பச்சடியும் சில பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சுடும்போது கருகிய தோல் துணுக்கு ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. கழுவாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், கழுவினால் ருசியும் போய்விடும்.

"வீட்ல தொடவே மாட்டேங்கிறான், இங்க மட்டும் எப்படி சாப்பிடுறான்?"

இங்கேயும் முதல் நாளே சாப்பிடவில்லை. ஒரு புது உணவைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்து தடவை, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். வீட்டில் இரண்டாவது தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம், அதுவும் அவன் காதுபடவே. இங்கே ஒவ்வொரு புதன்கிழமையும் தட்டின் ஓரத்தில் ஒரு ஸ்பூன் வைப்பேன். சாப்பிடு என்று சொல்லமாட்டேன். எடுக்காவிட்டால் மிச்சச் சாதத்தைச் சாப்பிடட்டும் என்று விட்டுவிடுவேன்.

ஒன்றே முக்கால் வயதுப் பையன் ஒருவன் ஆறு வாரம் அந்த ஒரு ஸ்பூனை விரலால் தள்ளித் தள்ளித் தட்டுக்கு வெளியே விட்டுக்கொண்டிருந்தான். ஏழாவது வாரம் தன் தட்டில் இருந்ததை வழக்கம்போலத் தள்ளிவிட்டு, பக்கத்துப் பெண்ணின் தட்டிலிருந்து ஒரு விரல் கடைசலை எடுத்து நக்கினான். அவள் போட்ட கூச்சலில் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. வீட்டில் பக்கத்துத் தட்டு உங்களுடையதுதான். அதில் அதே கடைசலை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.